நான் என்னத்துக்கு வெளிக்கிட வேணும்?

"அப்பவே வெளிக்கிட்டு வந்திருக்கலாமே?" என்றுதான், புருசன் அடித்ததென்று என்னிடம் வந்த பெண்ணிடம் கேட்டேன். குற்றம் சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிப் போயிருந்த கையைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் வாயில் வரும்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் என்னத்துக்கு மிஸ் வெளிக்கிட வேணும்? காணிப் பெர்மிற் என்ர பேரில. தறப்பாளுக்குள்ள இருந்து, கல்லரிஞ்சு கட்டின வீடு. அடிச்சது அவர். வெளிக்கிடுறது நானோ?"

எனக்குச் சட்டம் தெரியும். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அடிப்பவர் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றே நீதவான் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். 12 மாதம் வரை அது செல்லும். கட்டளையை மீறினால்தான் தண்டனை. கட்டளை எடுத்தவுடன் ஆளை மறியலில் போடுவதில்லை. இதையெல்லாம் மாதர் சங்கக் கூட்டங்களில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஆனாலும் அன்றைக்கு முதலில் கேட்டது அவர் ஏன் வெளியேறவில்லை என்று.

உயிர் முக்கியம் என்று நினைத்தேன். அது பிழையில்லை. இரவு பத்து மணிக்குப் பொலிஸ் வந்து சேரும் வரை யார் பாதுகாப்பு?

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "சத்தம் கேட்டால் வேலிக்கு அங்கால அன்ரி லைற் போடுவா. லைற் எரிஞ்சால் அவர் கை ஓங்கமாட்டார். அண்டைக்கு அன்ரி கிளினிக்குக்கு வவுனியா போயிட்டா."

இதை எழுத என் படிவத்தில் இடமில்லை. ஆஸ்பத்திரியிலுள்ள நட்பு நிலையம், 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி, பொலிஸின் பெண்கள் பிரிவு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. அவரை இத்தனை நாள் காப்பாற்றிய லைற்றுக்கு இல்லை. அதே நேரம், ஒரு வயதான மனுசியின் காதையும் நித்திரையையும் நம்பி எப்படி விடுவது?

கட்டளையைப் பற்றி நான் விளங்கப்படுத்தத் தொடங்கும்போது மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "யோசிச்சுச் சொல்லுறன் மிஸ்" என்று எழுந்து போனார். முதலே சொல்லியிருந்தால் கட்டளைக்கான விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்திருப்பாரோ? வைத்திருக்கவும் மாட்டார், புருசனை மறியலுக்கு அனுப்பப் போகிறோம் என்று பயந்திருப்பார் என்று சில நாள் என்னையே தேற்றுவேன். பயத்தைத் தெளிய வைப்பதுதானே என் வேலை என்று மற்ற நாள் தோன்றும்.

அவர் திரும்ப வரவில்லை. அழைக்கவும் துணிவில்லை, போன் யார் கையில் இருக்குமோ.

போன மாதம் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது அன்ரியின் படலையடியில் நின்றேன். அப்படி நின்றது சரியா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்தைப் பற்றித்தான் கதைத்தோம்.

வெளிக்கிடும்போது அன்ரி தானாகச் சொன்னார்: "இப்ப விடியும்வரை லைற்றை நூர்க்கிறேல்லைப் பிள்ளை."