தந்தி மேல் ஒரு கண்ணாடி: ஸ்லைடு கிட்டார் நாட்குறிப்பு

ஜூன் 8

கிட்டார் தந்தி மேல் வழுக்கி வாசிக்க விரலில் மாட்டும் ஸ்லைடு கைக்கு வந்துவிட்டது. தடித்த கண்ணாடிக் குழாய், சுண்டு விரலுக்கு அளவாக. பித்தளையிலும் எஃகிலும்கூடக் கிடைக்கிறது. உலோகம் கணீரென்று பேசும், கண்ணாடி இழைந்து பேசும்; எனக்கு அந்த இழைவுதான் வேண்டும். எந்த விரலில் போடுவது என்பதில் ஆளுக்கொரு வழி. அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் மோதிர விரலில் போட்டார், அதுவும் கோரிசிடின் என்ற ஜலதோஷ மாத்திரை அடைத்து வந்த கண்ணாடிக் குப்பியை. நான் சுண்டு விரலில் போட்டுக்கொண்டேன். மற்ற மூன்று விரல்களுக்கும் வேலை இருக்கிறது என்கிறார்கள்.

கிட்டாரை ஓபன் ஜி ட்யூனிங்குக்கு, அதாவது விரல் வைக்காமலே ஜி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பேசும் சுருதி அமைப்புக்கு, மாற்றியாயிற்று. ஆறாவது, ஐந்தாவது, முதல் தந்திகளை இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்; ஒன்றுக்கு அரைஸ்வரம்) அளவு இறக்கினால் போதும். கனத்த தந்தியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் ப ஸ ப ஸ க ப. அதாவது ஐந்து கட்டை. விரலே வைக்காமல் ஆறு தந்தியையும் ஒருசேர மீட்டியபோது வீடு முழுக்க நிறைந்தது. தம்புரா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புது ஊரே இல்லை.

ஜூன் 11

சாதாரணமாக வாசிக்கும்போது ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் விரலை அழுத்துவோம். தந்தி கம்பியில் போய் முட்டும், ஸ்வரத்தைக் கம்பி முடிவு செய்யும். ஸ்லைடில் அழுத்துவதே கிடையாது. தந்தியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். தந்தி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணாடிதான் சொல்கிறது. அதனால் குழாய் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் கம்பியில் இடித்து டக்கென்று சத்தம் வரும். தந்தி உயரமாக இருக்கிற பழைய கிட்டார் இதற்கு நல்லது. மெல்லிய தந்தியே 0.013 அங்குலம் இருக்கும் தடித்த தந்தி செட் மாட்டியிருக்கிறேன். இறக்கிக் கட்டினாலும் தொய்யவில்லை.

ஜூன் 15

இன்று முழுக்க இடது கையின் மற்ற மூன்று விரல்களுக்கான வேலைதான்.

ஸ்லைடுக்கு முன்னால் இருக்கும் தந்தி பேசும்போது, பின்னால், தலைப்பக்கம் மிச்சமிருக்கும் துண்டும் சேர்ந்து பேசுகிறது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12-வது ஃப்ரெட்டில் இரண்டு பக்கமும் சம நீளம், இரண்டிலும் ஒரே ஸ்வரம். 7-வதில் முன்பக்கம் பஞ்சமம்; பின்பக்கத்தில் தந்தியின் மூன்றில் ஒரு பங்கு இருப்பதால் அதே பஞ்சமம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். 3-வதில் பின்னால் இருப்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே பிறக்கும் கீச்சுக்குரல் எதனோடும் ஒட்டாது. அதனால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பின்னால் மெல்லப் படுக்கவைத்து அந்தத் துண்டை வாய்மூடச் செய்ய வேண்டும். வலது கை தன் பங்குக்கு, வாசிக்காத தந்திகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நல்ல ஸ்லைடு வாசிப்பில் பாதி இந்த அடக்கம்தான். ரெக்கார்டில் கேட்டபோது தெரியாத ஒன்று.

ஜூன் 22

மாடியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி படியிறங்கிப் போகும்போது வாசலில் நின்றார்.

“ஏண்டா கண்ணா, அந்தக் காந்தாரம் எங்கே போய் நிக்கறது? ஒரு நூல் கீழே விடு.”

சுருதி காட்டும் கருவியான ட்யூனர் பச்சை காட்டுகிறது, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

“அது காட்டட்டும். தம்புராவைப் போட்டுண்டு கேளு.”

போனில் தம்புரா ஆப்பை ஐந்து கட்டையில் ஓடவிட்டு, பி தந்தியை மெதுவாக இறக்கினேன். ஓர் இடத்தில் இரண்டு ஒலியும் மோதி எழுந்த அலைவு நின்று, காந்தாரம் ஸட்ஜத்துக்குள் போய் உட்கார்ந்தது. ட்யூனர் முள் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. காரணம் இதுதான்: ட்யூனர் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டுகிறது. அந்த வெட்டில் விழும் அந்தர காந்தாரம் (பெரிய காந்தாரம்), ஸட்ஜத்தோடு 5:4 என்ற இயற்கை விகிதத்தில் நிற்கும் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் மேலே. ஒரு சென்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. ஃப்ரெட் அடித்த கிட்டார் அந்தச் சம பங்குக்குக் கட்டுப்பட்டது. ஸ்லைடுக்கு அந்தக் கட்டு இல்லை. ஃப்ரெட் கோடு சுமாரான இடத்தைக் காட்டும், மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமியின் “ஒரு நூல்” என் ஒரு மாதப் பாடத்துக்குச் சமம்.

ஜூன் 29

வாசிப்பைவிடக் கேட்பது அதிகம். அமெரிக்காவின் மிசிசிப்பியில், டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில், 1903 வாக்கில் ஒரு கறுப்பினத்தவர் கத்தியைத் தந்தியில் வைத்து வாசித்ததைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். அந்தக் கலைஞரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அது என்னை உறுத்துகிறது.

இன்று திரும்பத் திரும்பக் கேட்டது அமெரிக்க ஸ்லைடு கிட்டார் கலைஞரும் பாடகருமான பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927-ல் பதிவு செய்த ‘டார்க் வாஸ் த நைட்’. மூன்று நிமிடம் சொச்சம். பாடலில் வார்த்தையே இல்லை, முனகல் மட்டும். குரல் எங்கே தேய்கிறதோ அங்கே ஸ்லைடு எடுத்துக்கொள்கிறது. 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்க இசைத்தட்டில் இதுவும் இருக்கிறது. அதே தட்டில் ஹிந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவியும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியைத்தான் இருவரும் பாடுகிறார்கள்.

ஜூலை 6

மூன்றாவது தந்தி மட்டும். ஃப்ரெட் 2, 4, 7, 9, 12 என்று நகர்ந்தால் மோகனத்தின் ஸ்வரங்கள். 3, 5, 7, 10, 12 என்று நகர்ந்தால் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையை வாசிப்பவர்கள் அதிகம் புழங்குவதும் இந்த ஐந்துதான். ஸ்வரம் ஒன்று என்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. ப்ளூஸில் காந்தாரம் 3-வது ஃப்ரெட்டில் நிற்பதில்லை. சாதாரண காந்தாரத்துக்கும் (3-வது ஃப்ரெட்) அந்தர காந்தாரத்துக்கும் (4-வது) நடுவில், பாடுகிறவர் மனம்போல ஓரிடத்தில் தவிக்கிறது. கோட்டில் நிறுத்தினால் உயிர் போய்விடும். கொஞ்சம் மேலே தள்ளி, அங்கேயே ஒரு நொடி தாங்கிப் பிடித்தால் மயிர்க்கூச்செறிகிறது.

இரவு பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியின் கோட்டுவாத்தியம் போட்டுக் கேட்டேன். அதில் ஃப்ரெட்டே கிடையாது. வாத்தியத்தைக் கிடத்தி, மேலிருந்து உருளையை நகர்த்தி வாசிப்பது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் அவருடைய ஜாருவில் அவசரமே இல்லை. போய்ச்சேரும் ஸ்வரத்தை மனசுக்குள் முதலில் பாடியிருப்பார் என்று தோன்றுகிறது. நாளையிலிருந்து நானும் வாய்விட்டுப் பாடிய பிறகே குழாயை நகர்த்தப் போகிறேன்.

ஜூலை 13

பாடிவிட்டு நகர்த்துவது வேலை செய்கிறது. ஸ்வரத்துக்குக் கீழே வந்து நின்று தேடும் பழக்கம் குறைகிறது. ஸ்வரத்தை நடுங்கவைக்கும் அசைவும் இப்போது பிடிபடுகிறது: தந்தியின் நீளவாக்கில், ஸ்வரத்துக்கு இரண்டு பக்கமும் சமமாக, மணிக்கட்டிலிருந்து. முதலில் ஸ்வரத்தில் அசையாமல் நின்றுவிட்டு, பிறகு அசைத்தால் அழகாக இருக்கிறது. வந்ததும் வராததுமாக நடுக்கினால் சுருதி சேர்ந்ததா இல்லையா என்று நமக்கே தெரியாது.

அடுத்து ஓபன் டி. கனத்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஸ ப ஸ க ப ஸ. இரண்டு கட்டைச் சுருதி, அடியில் ஸட்ஜம். வில்லி ஜான்சன் அந்தப் பாட்டை வாசித்த ட்யூனிங் அதுதான். முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், முனகலோடு சேர்த்து. எஃப் ஷார்ப்பை மாமியிடம் ஒருமுறை கேட்கவைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.