நாலாவது ஆள்

2024 ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடானது. ஜூரோங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் எனக்கு அந்த மாதம் முழுக்கத் தலைவலி. டிசம்பரிலேயே வேலை முடிந்து, பில் மட்டும் ஜனவரியில் போயிருந்தால் 8 விழுக்காடே போடலாம். ஆனால் டிசம்பரில் முடிந்தது என்று காட்ட வாடிக்கையாளர் கையெழுத்திட்ட டி.ஓ., அதாவது டெலிவரி ஆர்டர் சீட்டு, வேண்டும். பாதி டி.ஓ. லாரிகளின் டேஷ்போர்டிலேயே கிடந்தது.

அதைத் தேடித்தான் ஒரு மதியம் கீழே கிடங்குக்கு இறங்கினேன். பதினோரு வருஷமாக மேல்மாடியில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் கீழே போனது அதுதான் முதல் தடவை. அடுக்கி வைத்த பேலட்டுகளின் மேல் கேரம் போர்டு. சுற்றி மூன்று பேர்.

"டிசம்பர் டி.ஓ. எல்லாம் எங்கேண்ணே?"

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் புதுக்கோட்டை அண்ணன் நிமிரக்கூட இல்லை. "தரேன் தங்கச்சி. ஒரு ஆள் குறையுது, ஒரு போர்டு உட்காருங்க."

உட்கார்ந்தேன். சின்ன வயதில் ஈசூனில் புளோக்குக்குக் கீழே அப்பாவோடு ஆடியதுதான், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் அடியில் ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போய் மைனஸ். எனக்கு எதிரே ஜோடியாக இருந்த மலாய் ஓட்டுநர், எல்லோருக்கும் பாச்சிக் (மலாயில் மாமா), சிரித்துக்கொண்டே போரிக் பவுடரை என் பக்கம் தள்ளினார். மூன்றாவது முறை ஒரு கறுப்பு, கட் வாங்கி மூலைக்குள் போனது. "பாருங்கய்யா, நம்ம ஆபீஸ் மரிய இருதயம்" என்றார் அண்ணன். மரிய இருதயம், கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய சென்னைக்காரர். கிண்டல்தான், இருந்தாலும் அன்று மாலை வரை அது காதில் இனித்தது. நகக்கண் மட்டும் இரண்டு நாள் வலித்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ள நான் ஒன்றும் செய்யாமல் இல்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தொடங்கிய காலடி எண்ணும் சவாலில் சேர்ந்து, கைக்கடிகாரம் கட்டி, புள்ளி சேர்த்து பற்றுச்சீட்டும் (வவுச்சர்) வாங்கியிருக்கிறேன். நல்ல திட்டம். பலரை நடக்க வைத்தது. ஆனால் என் புத்தி கணக்குக்காரி புத்தி. ராத்திரி பதினொன்றரைக்கு 800 அடி குறைகிறதென்று வீட்டு வாசல் தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் நடந்திருக்கிறேன், கல்லாவில் பத்து வெள்ளி உதைத்தால் தேடுவதுபோல. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நடந்தேன், சரி. விளையாடினேன் என்று சொல்ல மாட்டேன்.

கீழே போர்டில் யாரும் பாயிண்ட் எழுதி வைப்பதில்லை. நேற்று யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் இரண்டு பேர் இரண்டு பதில் சொல்வார்கள். காயின் எந்தக் கோணத்தில் போகும் என்று குனிந்து பார்க்கும் அந்த நாலைந்து விநாடி, 8ம் இல்லை 9ம் இல்லை. எனக்குத் தலைவலி அடியோடு விட்டுவிட்டது என்றெல்லாம் கதை விடமாட்டேன். ராத்திரி படுத்தபிறகு கண்ணுக்குள் ஓடும் எக்செல் வரிசைகள் குறைந்தன, அவ்வளவுதான். அப்புறம், டி.ஓ.வுக்காக நான் கெஞ்சுவதும் நின்றது. ஆட வரும்போதே பாச்சிக் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்துவிடுவார்.

மேலே எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. "குளோசிங் முடிந்ததா, கீழேயே இருக்கீங்களே?" என்று மேலதிகாரி ஒருவர் கேட்டார். அதே முக்கால் மணி நேரம் மேஜையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவியிருந்தால் கேட்டிருக்கமாட்டார். முதலில் கூச்சமாக இருந்தது, இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் மாடிப்படியில் நின்று, "தங்கச்சி, ஆள் குறையுது" என்று குரல் கொடுத்தார்.

முதல் காலாண்டு வரிக் கணக்கை ஏப்ரல் 30க்குள் அனுப்ப வேண்டும். இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினேன். அன்று சிவப்புக் காயினை நான்தான் போட்டேன். அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காயின் மட்டும் குழி விளிம்பில் நின்றுவிட்டது. பாச்சிக் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் சிவப்பை எடுத்து, துடைத்து, நடுவில் வைத்தார்.