சிரிக்கிற மாதிரி ஒண்ணு

"சிரிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா அண்ணே?" என்று போனில் கேட்டார் பத்திரிகை உதவி ஆசிரியர். "இருக்கு சார்" என்றேன். மொத்தப் பேச்சும் ஒரு நிமிஷம்கூட இராது. இரண்டு சீசன் போய்விட்டது, அந்த "இருக்கு" இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஊட்டி ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குப் பின்னால் மேடேறிப் போகும் கல்லறைத் தோட்டம். மலர்க் கண்காட்சிக் கூட்டம். கீழே இருந்து வந்த ஆறேழு பிள்ளைகள், காலேஜ் வயசு, கல்லறைகளுக்கு நடுவே கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்று எடுத்தேன். மூன்று படம். முதலாவதில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சின்னக் கல்லில் படிந்த பாசியை நகத்தால் சுரண்டுகிறாள். இரண்டாவதில் விரல்விட்டு எண்ணுகிறாள். "பதினோரு மாசம்டி" என்று யாரிடமோ சொன்னது எனக்கே கேட்டது. மூன்றாவதில், ஒளிந்திருந்த ஒருத்தன் பின்னாலிருந்து கத்த, துள்ளி எழுந்து பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். எல்லாம் அரை நிமிஷத்துக்குள்.

மூன்றாவதை அனுப்பினேன். மறுநாள் 'கல்லறையில் கும்மாளம்' என்று தலைப்புப் போட்டு வந்தது. முகம் தெளிவாகவே தெரிந்தது.

தலைப்பு நான் வைத்ததில்லை. கேட்டதைக் கொடுத்தேன், படத்துக்கு 300 ரூபாய். பொய்யும் கிடையாது, அவள் சிரித்தாள், கல்லில் கை வைத்தாள். ஆனால் அவர் கேட்டபோதே எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாக இதே தொழில், தெரியாமல் இருக்குமா? "சார், அதுக்கு முன்னாடி ரெண்டு இருக்கு, அதையும் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் போட்டிருக்க மாட்டார்கள். அதனால் சொல்லாதது தப்பில்லை என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது.

சரி, அந்த இடத்துக்கு மரியாதை வேண்டாமா? வேண்டும்தான். ஊட்டியை உருவாக்கின கலெக்டர் சல்லிவன் 1838-ல் தன் மனைவியையும் மகளையும் பறிகொடுத்துப் புதைத்தது அங்கேதான். அவர் 1855-ல் இங்கிலாந்தில் போய்ச் சேர்ந்தார். அவர்கள் இரண்டு பேரும் இந்தக் குளிரிலேயே தங்கிவிட்டார்கள். வருகிறவர்களிடம் சர்ச் உத்தரமெல்லாம் சீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனை மரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பின்னால் யார் கிடக்கிறார்கள் என்று நானே யாருக்கும் சொன்னதில்லை. அந்தப் பெண்ணாவது ஒரு கல்லைப் படித்தாள்.

மரியாதை என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதானா என்றும் யோசித்தேன். இந்த மலையில் படுகர் ஊர்களில் சாவுக்கு ஆட்டம் உண்டு; கோத்தர் பழங்குடிகள் வந்து வாத்தியம் வாசித்த காலமும் இருந்தது. எங்கள் தாத்தா போனபோது பறைக்கு முன்னால் விடிய விடிய ஆடியவன் நான். எழுதி முடித்ததும் இது எனக்கு வசதியான வாதமாகத்தான் படுகிறது. தாத்தாவுடையது கல்யாணச் சாவு. பதினோரு மாசக் குழந்தைக்கு யாரும் ஆட மாட்டார்கள்.

இதைவிட உறுத்துவது இன்னொன்று. கல்யாண ஆல்பத்துக்காக அதே சரிவில் ஜோடிகளை நிறுத்தியிருக்கிறேன். மூடுபனி இறங்கினால் பின்னணி பிரமாதமாக வரும். கல்லெல்லாம் மங்கிப்போகும்படி லென்ஸைத் திருப்பிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்று சொல்வேன். அதற்கு 300 ரூபாய் இல்லை, நல்ல காசு. அதற்கெல்லாம் யாரும் தலைப்புப் போடவில்லை.

முதல் இரண்டு படமும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. ஒரு ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் சுரண்டின இடத்தில் மட்டும் எழுத்து பளிச்சென்று தெரிகிறது, சுற்றிலும் பாசி.

போன ஏப்ரலில் மறுபடி போன். "அண்ணே, அன்னைக்குக் கல்லறையில எடுத்தீங்களே, அது மாதிரி ஒண்ணு கிடைக்குமா?"

"மழையா இருக்கு சார், பார்க்கலாம்" என்றேன்.

அன்றைக்கு ஊட்டியில் நல்ல வெயில்.