தோடம்பழத்தின் நிறம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் முன்பள்ளி ஆசிரியையாகப் பணியில் சேர்ந்த முதலாண்டில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தோடம்பழத்துக்குப் பச்சை நிறம் தீட்டிக் கொண்டுவந்தான். சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி, செம்மஞ்சள் நிறக்கட்டியைக் கையில் கொடுத்து, மீண்டும் தீட்டச் சொன்னேன். அவன் மறுத்துப் பேசாமல் பச்சையின் மேலேயே செம்மஞ்சளைத் தேய்த்தான். பழம் அழுகியதுபோல் ஆயிற்று.

சில நாட்களின் பின் நிறங்களைக் காட்டவெனப் பிள்ளைகளைத் திருநெல்வேலிச் சந்தைக்கு நடத்திச் சென்றோம். பதினான்கு பிள்ளைகளையும் ஒரே கயிற்றைப் பிடிக்கவைத்து வீதியைக் கடப்பதற்குள்ளேயே எனக்கு வியர்த்துவிட்டது. பழக்கடையில் நாட்டுத் தோடம்பழங்கள் குவிந்திருந்தன, அத்தனையும் பச்சை. தோலின் பச்சையம் சிதைந்து செம்மஞ்சள் வெளிப்படுவதற்கு இரவுக் குளிர் வேண்டும் என்பதும், எங்கள் வெப்பத்தில் உள்ளே பழுத்த பின்னரும் தோல் பச்சையாகவே நின்றுவிடும் என்பதும் நான் எங்கோ படித்து மறந்த செய்திகள். எங்கள் சுவர்ப்படத்தில் இருந்ததோ குளிர்நாட்டுப் பழம். அந்தச் சிறுவன் குவியலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பக்கத்துக் கடையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள். “ரீச்சர், இது கறுப்பு இல்லையே, ஏன் கறுத்த எண்டு சொல்லினம்?” என்று ஒருத்தி கேட்டாள். நான் விழித்தேன். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டு, “அது பேர்தான் பிள்ளை, உள்ளுக்கை பார்” என்று ஒன்றை வெட்டிக் காட்டினார். உள்ளே தெரிந்த நிறத்துக்குத்தான், நான் வகுப்பில் வற்புறுத்திய அந்தச் செம்மஞ்சள் என்ற பெயர் சரியாகப் பொருந்தியது.

அன்றிலிருந்து, சொல்லிக்கொடுத்த நிறத்தைத் தேடிப்பிடிப்பதற்காகப் பிள்ளைகளை வெளியே கூட்டிச்செல்வதை விட்டுவிட்டேன். முதலில் பொருளைக் கையில் எடுக்கட்டும். பெயர் பிறகு வரட்டும். செவ்விளநீரைச் சிவப்பு என்பதா, செம்மஞ்சள் என்பதா என்று அவர்கள் சண்டையிட்டபோது நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தமிழில் ‘செம்’ என்ற அடை இரண்டையும் அணைத்துக்கொள்வது அவர்களுக்கு இப்போதைக்குத் தெரியவேண்டியதில்லை.

சென்ற தவணையில் கோப்பாய்த் தோட்டம் ஒன்றுக்குப் போய், வெங்காயப் பாத்தியின் ஓரத்தில் செம்மண்ணை ஒரு போத்தலில் அள்ளி வந்தோம். மறுநாள் வேலணைப் பிள்ளை ஒருத்தி, அம்மம்மா வீட்டுக்குப் போனபோது சாட்டிக் கடற்கரையில் எடுத்த வெண்மணலை ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்து, “இதுவும் மண்தானே ரீச்சர்?” என்றாள். இரண்டு போத்தல்களையும் மேசையில் வைத்து, பெட்டியிலிருந்த ‘மண்ணிறம்’ கட்டியை அருகில் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டோடும் அது ஒத்துவரவில்லை. கட்டியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, செம்மண்ணை விரலால் தொட்டுத் தாளில் தேய்க்கத் தொடங்கினார்கள்.