திறப்பு பிள்ளையின் கையில், கொப்பி அலுமாரிக்குள்

மகனுக்கு 9 மாத ஊசி (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி) போட்டு ஒன்பதாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. இப்போது 14 மாதம் தாண்டிவிட்டான், கோழிகளை நிம்மதியாக மேயவிடுவதில்லை. எனக்குத்தான் அந்த ராத்திரி இன்னும் ஆறவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் "ஆஸ்பத்திரி தூரம், அதான் பிந்திட்டு" என்று சொல்லி வைத்தேன். அது சும்மா சாட்டு. நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைதான். ஆனால் 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு தூரத்தைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. வாவியைக் கடக்கிற பாதைக்காக (மிதவைக்காக) துறையில் காத்துக்கிடந்த எங்கள் அம்மாமார் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். எங்களைப் பிந்த வைத்தது வீட்டுக்குள்ளேயே கிடந்த சாமான்கள்.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சொல்லித்தான் அனுப்பினா: "இந்த எம்.எம்.ஆர். ஊசிக்குக் காய்ச்சல் உடனே வராது. ஒரு கிழமை கழிச்சு வரலாம், கவனமா இருங்க." தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் மனதுக்குள் இருந்தது 2 மாத, 4 மாத, 6 மாத ஊசிகளின் கணக்கு. அவை போட்ட அன்றைக்கே உடம்பு சுடும், அடுத்த நாள் சரியாகிவிடும். இதுக்கு இரண்டு நாள் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஊசிக் கதை முடிந்தது என்று கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்தக் கொப்பியில் தடுப்பூசித் திகதி, நிறை, வளர்ச்சிக் கோடு எல்லாம் இருக்கும். மகன் கிழித்துவிடுவான் என்ற பயம்.

அன்று பின்னேரமே சூடு இருந்தது. வீட்டில் தேர்மாமீற்றர் இல்லை, புறங்கையை வைத்துப் பார்த்ததோடு சரி. மழைக்குளிர் என்று தொப்பி போட்டு, போர்வையாலும் சுற்றிப் படுக்க வைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சுடுகிற பிள்ளையைப் பொதி மாதிரிக் கட்டி வைத்திருக்கிறேன்.

பதினொன்றரை இருக்கும். கண் மேலே சொருகி, கைகால் விறைத்து வெட்ட வெட்ட இழுத்தது. வாயால் நுரை. பிள்ளை செத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். நான் வைத்த சத்தத்தில் பக்கத்து வளவுக்காரரும் வந்துவிட்டார்கள். அம்மா இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து மகனின் உள்ளங்கையில் வைத்துப் பொத்தினா. "இரும்பு பட்டா நிண்டிரும் மனே." பக்கத்து வீட்டு மாமி கரண்டியோடு ஓடி வந்தா, நாக்கைக் கடித்துவிடுவானாம். நல்ல காலம், தம்பி அந்தக் கையைப் பிடித்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் முதலுதவி படித்தவன், அவனுக்கு ஞாபகம் இருந்தது இந்த ஒன்றுதான்: வாய்க்குள் ஒன்றும் போடக்கூடாது. கரண்டி போனால் பல்லு உடையும், மூச்சும் அடைக்கும். பக்கவாட்டாகத் திருப்பிப் படுக்க வைத்திருந்தால் நுரை தானாக வழிந்திருக்கும். நாங்களோ நிமிர்த்தித் தூக்கி வைத்துக்கொண்டு உலுக்கினோம்.

இலவச அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடித்தது நான். உடனே எடுத்தார்கள், தமிழிலேயே கேட்டார்கள். "எந்த இடம்?" "பிள்ளையார் கோயிலடிக்குப் பின்னால." எந்தப் பிள்ளையார் கோயில் என்று கேட்டார்கள். படுவான்கரையில் எத்தனை பிள்ளையார் கோயில் என்று அவருக்கே தெரிந்திருக்கும் போல. ஊர்ப் பெயர் சொன்னேன், வீதிப் பெயர் வாயில் வரவில்லை. நான்கு வருடமாக இருக்கிற வீடு! மற்றவர்களுக்கு வழி சொல்லும்போது "ஆலமரத்தில் திரும்பி வாங்க" என்பதுதான் எங்கள் விலாசம். அழுகையோடு அதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, வண்டி வருகிறது, போனைக் கையிலேயே வைத்திருங்கள் என்றார்கள்.

அதைத்தான் செய்யவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டோவைக் கிளப்பிவிட்டார், பாய்ந்து ஏறிவிட்டோம். போன் கட்டிலில். அம்புலன்ஸ்காரர் ஊருக்குள் வந்து வீட்டைத் தேட, நாங்கள் வயல் வீதியில். அண்ணன் வேறு, முன்னால் யானை நிற்குதோ என்று லைட்டைக் கூட்டிக் குறைத்துக் கூட்டிக் குறைத்து ஓட்டினார். வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தபோது போனில் 8 மிஸ்ட் கோல். ஒன்றில் அவர்கள் வரும்வரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பிவிட்டோம் என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வேறு யாருக்கோ அந்த வண்டி தேவைப்பட்டிருந்தால்? கனநாள் உறுத்தியது.

கிட்ட உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே இழுப்பு நின்று, மகன் அயர்ந்து தூங்கினான். 39.4. துண்டு எழுதுகிறவர் முதல் கேட்டது கொப்பி. இல்லை என்றதும், "கொப்பி இல்லாம எதுக்கு வாறீங்க? கலியாண வீட்டுக்கா?" என்றார். பதில் சொல்லியிருப்பேன், வாய் நடுங்கியது.

டொக்டர் மூன்று கேள்விதான் கேட்டார். கடைசியாக என்ன ஊசி, எப்போது? நிறை எத்தனை? எத்தனை நிமிடம் இழுத்தது? முதலாவதுக்கு "போன கிழமை... இல்ல, அதுக்கு முந்தின" என்றேன். இரண்டாவதுக்கு அம்மா "நல்ல பாரம்" என்றா. மூன்றாவதுக்கு நான் அரை மணித்தியாலம் என்றேன், தம்பி இரண்டு நிமிடம் என்றான். அந்தக் கேள்வி சும்மா இல்லையாம். 5 நிமிடம் தாண்டினால் நிறுத்த மருந்து கொடுக்க வேண்டும், அதோடு நீண்ட வலிப்பென்றால் பார்க்கிற விதமே வேறு. நிறையும் அப்படித்தான், குழந்தைகளுக்கு மருந்தளவு கிலோவுக்கு இவ்வளவு என்றுதான். தராசில் போட்டார்கள், 8 கிலோ.

தம்பியைக் கொப்பி எடுக்க அனுப்பினோம். போனவன் அங்கிருந்து அம்மாவின் போனுக்கு அடித்தான்: "அலுமாரித் திறப்பு எங்க?" அம்மா இடுப்பைத் தடவினா. மறுகா என் முகத்தைப் பார்த்தா. பிள்ளையின் கையில் பொத்தின அதே திறப்பு! ஓட்டோவின் கால்மிதிக்குக் கீழே கிடந்தது. தம்பி அதற்குள் அலுமாரிக் கதவை நெம்பிவிட்டான். கதவு இன்றைக்கும் மூடாது.

அங்கிருந்து பாலம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அது கரைச்சல் இல்லாமல் நடந்தது. அங்கே ஒரு வயதுக்குள் முதல் வலிப்பு என்பதால் முதுகில் நீர் எடுத்து மூளைக்காய்ச்சல் இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும் என்றார்கள். அம்மா மாட்டவே மாட்டேன் என்றா, முதுகில் குத்தினால் நடக்க மாட்டானாம். கணவர் கட்டாரில், வீடியோவில் அழுகிறார். கடைசியில் நான் டொக்டரிடம் நேராகக் கேட்டேன். முள்ளந்தண்டு நரம்பு முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போகும், அதனால் கால் விளங்காமல் போகாது என்று தன் முதுகைத் தொட்டுக் காட்டினா. கையொப்பம் வைத்தேன். பிழையொன்றும் வரவில்லை. காய்ச்சல் வலிப்புத்தான். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை வரக்கூடியது. ஊசிக்குப் பிறகு வந்த காய்ச்சலாக இருக்கலாம், அதற்காக அடுத்த ஊசியை நிறுத்தாதீர்கள் என்றா. பனடோல் பிந்திக் கொடுத்ததாலா வந்தது என்று கேட்டேன். "இல்லம்மா, பனடோல் பிள்ளையின்ட அலுப்பக் குறைக்கும், வலிப்பத் தடுக்காது." அந்த வார்த்தைக்குத்தான் அன்று நித்திரை வந்தது. இப்படி ஒருக்கா வந்த மூன்று பிள்ளைகளில் ஒருவருக்குத் திரும்பவும் வரலாம் என்பதையும் சொல்லித்தான் விட்டா.

பிறகு கிளினிக் திகதி. துண்டில் எழுதித் தந்த நாளன்று விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு, பிள்ளையையும் பிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு போய் இறங்கினால் வாசலில் ஆளில்லை. போயா, பௌர்ணமி லீவு! எழுதியவரும் பார்க்கவில்லை, வாங்கிய நானும் பார்க்கவில்லை. காவலாளி மட்டும் சிரித்தார். ஓட்டோக் காசு போச்சு. துண்டு கைக்கு வந்ததும் அங்கேயே நின்று கலண்டரைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் என்ன வருத்தம் என்று எழுதித் தருகிற டயக்னோசிஸ் காட்டையும் போனில் படமெடுத்து வையுங்கள். 12 மாத ஊசிக்குப் போனபோது அந்தப் படம்தான் உதவியது, காட் அலுமாரிக்குள் இருந்தது. ஆம், திரும்பவும்.

மிட்வைஃப் மிஸ் பிறகு வீட்டுக்கு வந்தா. வலிப்பைப் பற்றிப் பேசுவா என்று பார்த்தால், முதல் கண்ணில் பட்டது குசினி மூலையில் சோடாப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெய். ஏசி முடித்து, தலையணையை மடியில் கவிழ்த்துப் போட்டு, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தொண்டையில் அடைத்தால் என்ன செய்வதென்று காட்டினா: தலை தாழ, முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் 5 அமத்தல், தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது. அம்மாவையும் செய்ய வைத்தா.

இப்போது கொப்பி கதவுக்குப் பின்னால் துணிப்பையில் தொங்குகிறது. வீதிப் பெயரையும் கணவரின் நம்பரையும் சுவரில் கரியால் எழுதியிருக்கிறோம், அழகில்லைதான்.

போன கிழமை திரும்பவும் வந்தது. சளிக் காய்ச்சல், பகல் நேரம். பக்கவாட்டாகத் திருப்பினேன், சட்டையைத் தளர்த்தினேன், மணியைப் பார்த்தேன். 1 நிமிடம் 50 செக்கன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான 1 நிமிடம் 50 செக்கன் கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்ட மூன்று கேள்விக்கும் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

அம்மா அன்றைக்கும் ஒரு திறப்பை மகனின் கையில் பொத்தினா. வாயில் இல்லை, கையில்தானே என்று விட்டுவிட்டேன். எந்தத் திறப்பு என்று மட்டும் பார்த்தேன்.