சுகர் உள்ளவரின் கால்களை வீட்டில் பார்ப்பது எப்படி?

சுகர் உள்ளவர் காலில் புண்ணோடு வரும்போது, "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டால் பெரும்பாலும் சரியான பதில் கிடைக்காது. பெட்ஷீட்டில் கறையைப் பார்த்தோ, நாற்றம் அடித்த பிறகோதான் வீட்டில் கவனித்திருப்பார்கள். வலித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சர்க்கரை பல வருஷம் கூடுதலாகவே இருந்தால் பாதத்து நரம்புகள் கெட்டு, ஆணி குத்தினாலும் தெரியாமல் போகிறது. அந்த வலி செய்ய வேண்டிய வேலையை இனி வீட்டில் இருப்பவர் கண்ணும் கையும்தான் செய்ய வேண்டும்.

உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். அவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவரது காலின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை மெதுவாகத் தொடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு விநாடி, இரண்டு காலிலும் சேர்த்து 6 இடம். தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று சொல்ல வேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது; அழுத்தினால் உணர்ச்சி குறைந்தவரும் சரியாகச் சொல்லிவிடுவார். சொல்லாத இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. இரண்டு இடமோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அங்கே 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் சோதித்து, பாதத்து நாடித்துடிப்பையும் பார்ப்பார்கள். ஆறும் சரியாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

தினமும் ராத்திரி கால் கழுவியதும், நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு மூன்றையும் பாருங்கள். இடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்கில் மட்டும் வேண்டாம். மெட்டி போடுபவர்களுக்கு அதன் அடியிலும் பார்க்க வேண்டும். கால் வீங்கினால் மெட்டி இறுகிவிடும். தடித்த தோலின் நடுவே கறுப்பாகவோ சிவப்பாகவோ புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அடியில் புண் உருவாகிக்கொண்டிருக்கலாம். அதை பிளேடால் சீவுவதும் கால் ஆணிக்கான கார்ன் கேப் பட்டை ஒட்டுவதும் பெரிய தப்பு. அந்தப் பட்டையில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும்.

சூடு இன்னொரு எதிரி. மதமதப்புக்கு இதமாக இருக்குமென்று வெந்நீரில் கால் வைத்து, தோல் வழன்ற பிறகுதான் தெரியவரும். பைக் சைலன்சர், வெயிலில் காய்ந்த கோயில் பிரகாரத்துக் கல் எல்லாம் இதே கணக்குதான். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். வெயில் ஏறும் முன் போய் வாருங்கள், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். இரு விரலுக்கு நடுவே வார் போகும் ஹவாய் செருப்பு வேண்டாம். உணர்ச்சி இல்லாத காலிலிருந்து அது நழுவி விழுவதுகூடத் தெரியாது. எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் அடித்தளம், பின்வார், ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்தது என்று கேட்டு வாங்குங்கள். தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற கால்களுக்காகப் பல வருஷமாகப் பயன்படும் ரப்பர்தான் இது. செருப்போ ஷூவோ, சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பாருங்கள். ஷூ என்றால் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை போடும் முன்பும் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள்.

புண் வந்தே விட்டால், ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டி, 24 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். தினமும் டிரஸ்ஸிங் செய்கிறோம், மாத்திரையும் போடுகிறோம், ஆனாலும் ஆறவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்தக் காலில்தான் நடந்துகொண்டிருப்பார்கள்! அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் புண் நசுங்கினால் எந்த மருந்தும் அதை மூடாது. பாரத்தை வேறு இடத்துக்கு மாற்றும் மாவுக்கட்டோ, அதற்கென்றே உள்ள காலணியோ கேளுங்கள். ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அதற்கும் தனியாக வைத்தியம் வேண்டும்.

புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, மறு காலைவிடச் சூடாக இருந்தால் சுளுக்கு என்று எண்ணெய் நீவாதீர்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்கோ பாதம் என்பார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே வரும். அதை நம்பி நடக்க விடாமல், சுகர் கால் பார்க்கும் டாக்டரிடம் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.