ஒன்பதாவது வளைவில் தீர்ந்துபோன கியர்

மலை ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் சைக்கிளின் கியர் தீர்ந்துவிட்டது. வலது விரல் மட்டும் கியர் லீவரைத் தட்டிக்கொண்டே இருந்தது. செயின் ஏற்கெனவே பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில்தான் கிடந்தது, இனி ஏற இடமில்லை. கேரியரில் இரண்டு பைகள் வேறு. நாலு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினேன். மீதி மூன்று கிலோமீட்டரும் தள்ளல்தான்.

வண்டி வாங்கும்போது எத்தனை கியர் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். இருபது. பெருமையாக இருந்தது. மலையில் அந்த இருபதில் பத்தொன்பதைப் பற்றி யாருக்குக் கவலை? ஆக இலகுவான ஒன்று எவ்வளவு இலகு என்பதுதான் பேச்சு.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பற்களை எண்ணினேன். முன்னால் உள்ள இரண்டு பல்சக்கரங்களில் 50, 34. பின்னால் உள்ள பத்தில் 11 முதல் 28 வரை. ஆக இலகுவான கியருக்கு 34-ஐ 28-ஆல் வகுத்தால் 1.21. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் அத்தனை சுற்று. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர் என்பதால், பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி இரண்டரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று வைத்தால் மணிக்கு 9 கிலோமீட்டர். நான், வண்டி, பைகள் எல்லாம் சேர்த்து 95 கிலோ. 10 சதவீத ஏற்றத்தில் இந்த வேகத்துக்கு ஏறத்தாழ 250 வாட் வேண்டும். என் கால்கள் ஒரு மணி நேரம் தாங்குவது 180 வாட்தான். அப்படியானால் நிமிடத்துக்கு 43 சுற்று. ஒவ்வொரு மிதியும் முழங்காலில் போய் இறங்கும். அன்று இரவு வலித்ததற்குக் காரணம் வயது இல்லை என்று தெரிந்ததில் சின்ன ஆறுதல்.

பின்னால் 34 பல் வரை உள்ள கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டால் 52 சுற்றுதான் வந்தது. முன்னாலும் 46, 30 என்று மாற்றிய பிறகே 180 வாட்டுக்கு 60 சுற்று கிடைத்தது. வேகம் 6.7 கிலோமீட்டர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் பின் டிரெய்லியர் எவ்வளவு செயின் தொய்வை இழுத்துப்பிடிக்கும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. முன்னால் உள்ள பல் வித்தியாசம் 16, பின்னால் உள்ளது 23, கூட்டினால் 39. என் பழையது 33 வரைக்கும்தான். ஆக நீளக் கை டிரெய்லியர், நீளமான செயின் எல்லாமே புதிது. செயினைப் பழைய நீளத்திலேயே விட்டிருந்தால், முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும் சேரும்போது டிரெய்லியரே பிய்ந்து போயிருக்கலாம்.

இழந்தது என்ன? பின் பல்சக்கரங்களுக்கு இடையிலான தாவல் பெரிதானதால் சமதளத்தில் சரியான கியர் சில நேரம் அமையாது. இறக்கத்தில் வேகம் கொஞ்சம் குறையலாம். இறக்கத்தில் நான் எங்கே மிதிக்கிறேன்!

மறுபடி அதே மலைக்குப் போனேன். சாலை செங்குத்தாவதற்கு முன்பே கியரை இறக்கினேன். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கடகடவென்று திட்டும். வளைவின் உள்பக்கம் செங்குத்து அதிகம், எதிரே வண்டி இல்லாதபோது வெளிப்பக்கமாகவே திரும்பினேன். ஒன்பதாவது வளைவில் ஒரு நாய் கூடவே வந்தது. ஓடவில்லை, சும்மா நடைதான். உச்சி வரை என்னோடு வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.